மூன்றாவது கதைக்கு அழுதது யார்

பதிவில் மூன்றாவது கதை முடிகிற இடத்தில், யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பாள் அந்த ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் போன பிறகு, பின்னறையில் எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மத்தியானங்களில் மைக் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். இப்போது கையில் இருந்தது அறிவியல் சிறுகதைத் தொகுப்பு. பதிவைச் சீர்செய்யும்போது எப்படியும் வெட்டிவிடுவார்கள் என்ற தைரியத்தில் ஒவ்வொரு கதை முடிவிலும் தன் கருத்தையும் சொல்லிவைப்பாள். ஆளில்லாத நிலவில் ஒற்றைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் இயந்திரத்தின் கதைக்கு, "நல்லா இருந்துச்சு." தன் ஆயுளை மணிக்கணக்கில் விற்றவன் கதைக்கு, "பாதியிலயே முடிவு தெரிஞ்சுபோச்சு." மூன்றாவதில் பக்கத்துக்குப் பக்கம் சூத்திரம். "வாய் வலிச்சதுதான் மிச்சம்."

அதற்குப் போய் யார் அழுவார்கள்?

பதிவுகளைச் சீர்செய்பவர்தான் முதலில் போனில் கேட்டார். "மேடம், பக்கத்துல யாரையாவது வச்சுக்கிட்டா படிக்கிறீங்க?"

"யார் இருக்கா சார்? நானும் நாலு சுவரும்தான்."

"முதல் கதையிலயும் ஒரு மூச்சு கேக்குது. ரெண்டாவதுல கொட்டாவி. போகப்போகக் கிட்ட வருது."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டாள். தன் குரலுக்கு அடியில், தாள் திரும்பும் சரசரப்புக்கும் தெருவில் தேய்ந்து மறையும் வண்டிச் சத்தத்துக்கும் நடுவே, கதை எங்கே போகிறது என்று காத்திருப்பவர்கள் விடுகிற அந்த அடக்கமான மூச்சு, அறுபடாமல் கூடவே வந்துகொண்டிருந்தது. உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் அவள் சொல்வதைக் கேட்டு இந்த வீட்டில் ஒருவர் சிரித்தோ அழுதோ இரண்டு வருஷமாகிறது.

மறுநாள் நான்காவது கதையைக் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். பதிவைப் போட்டுக் கேட்டபோது, துணியில் துணி உரசுவதுபோல ஒரு சிரிப்பு.

"எனக்கே பிடிக்கல. உனக்கென்ன அதுல அப்படி ஒரு சிரிப்பு?" என்று காலி அறையோடு சண்டை பிடித்தாள். அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஐந்தாவது கதை உண்மையிலேயே நல்ல கதை. பூமிக்குத் திரும்பும் வழி தொலைந்த ஒருத்தி, யாருக்கும் கேட்காத வானொலியில் தினமும் வணக்கம் சொல்கிறாள். கடைசி வரியை வாசிக்கையில் ஆசிரியையின் குரல் உடைந்தது. புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். ஈரக் கம்பளி வாடை அடித்தது. மழை பெய்து பல நாளாகியிருந்தது.

"இது பிடிச்சுதா?"

ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறியையும் நிறுத்தியிருந்தாள்.

எதிர்ச் சுவரின் கம்பளி அசைந்தது.

மெல்லப் புடைத்தது. முதலில் நெற்றி. பிறகு மூக்கு. வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்வாங்கியது, வெளியே வந்தது, உள்வாங்கியது. அதற்குப் பின்னால் செங்கல் சுவர்தான்.

அந்தத் தலை ஆடியது. ஆமாம் என்று.

அவள் எழுந்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள். கதவிலும் ஒரு கம்பளி. அதிலும் ஒரு நெற்றி.

இடப்பக்கம் ஒன்று. அதை ஒட்டி இன்னொன்று. சின்னதாக ஒன்று, குழந்தை உயரத்தில்.

சுற்றிலும் தலைகள். எல்லாம் அவள் பக்கம் சாய்ந்து. அசையாமல். அடுத்த கதைக்காக.