ஆறாவது பிள்ளை

கிருஷாந்தி காலையிலிருந்தே அம்மன் நடை பழகிக்கொண்டிருந்தாள். அன்று மாலை தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கந்த சஷ்டி நாடகம். அவள்தான் பார்வதி அம்மன்.

சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து பறந்த ஆறு பொறிகள், சரவணப் பொய்கைத் தாமரைகளில் ஆறு குழந்தைகளாயின. அம்மன் அவர்களை வாரி அணைத்ததும், ஆறு முகங்களோடு ஒரே முருகன் தோன்றினான். இதுதான் கதை.

ஆறு காகிதத் தாமரைகளில் உட்கார, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஆறு கைக்குழந்தைகள் வந்திருந்தார்கள். கடைசிப் பிள்ளை மதுரன். அவன் அம்மா மீனம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். பிள்ளையை அழவிடாமல் பார்த்துக்கொள்வதாகக் கிருஷாந்தி அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

திரை விலகியது. ஒரு குழந்தை தாமரை இதழைத் தின்றுகொண்டிருந்தது. பட்டும் கிரீடமும் மின்ன, கிருஷாந்தி மெல்ல நடந்து வந்தாள்.

மதுரன் அவளைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. வீரிட்டு அழுதான்.

அவள் பின்வாங்கினாள், அழுகை நின்றது. ஓரடி முன்வைத்தாள், மறுபடி அழுதான். பக்கத்துத் தாமரையிலும் உதடு பிதுங்கத் தொடங்கியது.

சிவன் வேடமிட்ட கிஷாந்த் திரை மறைவிலிருந்து கிசுகிசுத்தான். "அவன விட்டுட்டு அஞ்சு பேரத் தூக்கு. யாரு எண்ணப் போறாங்க?"

"ஒரு புள்ளய மட்டும் விட்டுட்டுப் போற அம்மா இருப்பாங்களா?" என்றாள் அவள்.

பகலெல்லாம் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருக்கும் மதுரன், தன் அம்மா வந்ததும் தாவுவானே. அவளிடம் பட்டா இருக்கும்? கிரீடமா இருக்கும்?

கிருஷாந்தி கிரீடத்தைக் கழற்றினாள். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுதர்ஷினி அக்காவிடம் குனிந்தாள்.

"அக்கா, ஒங்க படங்கக் கொஞ்சம் குடுங்க."

கொழுந்து பறிப்பவர்கள் எல்லாரும் இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கை அக்கா அவிழ்த்துக் கொடுத்தாள். கிருஷாந்தி அதைப் பட்டுக்குமேல் சுற்றிக்கொண்டாள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

ஈரமும் பச்சைக் கொழுந்தும் கலந்த வாசம். மதுரன் மூக்கைச் சுருக்கினான். பிறகு தவழ்ந்து வந்து அவள் மடியில் ஏறினான். மற்ற ஐந்து பேரையும் அவள் தன்னோடு சேர்த்து அணைத்தாள். பின்னால் ஆறுமுகன் படம் உயர்ந்தது.

"அரோகரா!"

சிரித்தவர்களெல்லாம் கைகூப்பினார்கள்.

அப்போதுதான் மீனம்மா, கட்டிய படங்கோடு மூச்சிரைக்க ஓடிவந்து கைகளை நீட்டினாள். மதுரன் அவளைப் பார்த்தான், அம்மனைப் பார்த்தான்; யாரிடம் போவதென்று தெரியாமல் விழித்தான்.