நடுவில் நிறுத்திய மணி

மார்ச் மாதத்தில் லோசேர் மலைக்கு யாரும் வர மாட்டார்கள். கோடையில் என்றால் பழைய கல்வீடு, பழைய கொட்டகை, பழைய குப்பைமேடு எல்லாவற்றையும் படம் பிடிக்க ஆள் வரும். பனிக்காலத்துக்கு மற்ற குடும்பங்கள் நகரத்துக்கு இறங்கிவிட்டதால், ஊரில் அப்போது மிஞ்சியிருந்தது ஒதீலும் அவளுடைய கோழிகளும்தான். அதனால் வாசலில் கார் வந்து நின்றபோது அவளுக்கே ஆச்சரியம்.

வந்தவர்கள் மோன்பெலியே நகரத்துத் தம்பதி, ஆர்னோவும் செலினும். லீவு கிடைத்தால் போதும், ஊர் ஊராகப் பழைய கிராமங்களைத் தேடிக் கிளம்பிவிடுவார்களாம். ஒதீல் அவர்களுக்கு மேல்வீட்டைத் திறந்துவிட்டாள். அவள் தம்பி ப்ரிவா இருந்த வீடு. இப்போது வாடகைக்கு விடுகிறாள்.

"மேல ஒரு பாழடைஞ்ச ஊர் இருக்காமே மேடம், வாசக்கல்லுல எல்லாம் வருஷம் செதுக்கியிருக்குமாம்?" என்றான் ஆர்னோ.

"இருக்கு. கூரையோட நிக்கிறது ஒரு ஆட்டுப்பட்டி மட்டும்தான். மத்ததெல்லாம் கல்லும் ஆந்தையும்."

செலினுக்குக் குதிகாலில் கொப்புளம். "நீ மட்டும் போய்ட்டு வா. கல்லைக் கண்டா உனக்கு ஊரு உலகம் மறந்துடும். பொண்டாட்டின்னு ஒருத்தி இங்க இருக்கா, அதையாவது ஞாபகம் வெச்சுக்க."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். ஊர் நடுவில் இரண்டு கல்தூண்களுக்கு இடையே தொங்கிய மணியைப் பார்த்து நின்றான். "சர்ச்சே இல்லாத ஊர்ல மணி எதுக்கு?"

"பனிப்புயல்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு. காத்து எழும்புச்சுன்னா பட்டிக்குள்ள போய் உக்காந்துக்கங்க. மணி கேக்கலைன்னா அசையாதீங்க. கேட்டுச்சுன்னா அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே நேரா வாங்க."

அந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தையும் தூக்கத்தில்கூடச் சொல்லும் பாடம் அது. ஒதீலின் வாயிலும் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் ஏறிப்போய்க் கொஞ்ச நேரத்தில் மலை உச்சி மறைந்தது. அப்புறம் கொட்டகை மறைந்தது. அப்புறம் வாசலில் நின்ற காரே மறைந்தது. பனியை வாரிக்கொண்டு வடக்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு எதையும் விட்டுவைக்கிற பழக்கம் இல்லை. புகைபோக்கிக்குள் புகுந்து அழுதது. சாம்பல் நாற்றம் வீடெல்லாம் பரவியது.

"மேடம், மணி அடிங்க!" செலின் அவள் கையைப் பிடித்தாள்.

"அவரு பட்டியிலதாம்மா இருப்பாரு. அடிக்கலைன்னா அங்கயே பத்திரமா இருப்பாரு."

"அந்தக் குளிர்லயா? மெல்லிசா ஒரு ஜாக்கெட்தான் போட்டிருக்காரு. காலையில வரைக்கும் தாங்குவாரா?"

தாங்க மாட்டான். ஒதீலுக்கு அது தெரியும். ஆனாலும் கால் நகரவில்லை. ப்ரிவா போன பிறகு அந்தக் கயிற்றை அவள் தொட்டதே இல்லை. மணிக்கு ஆள் பார்த்துக் கூப்பிடத் தெரியாது. தொலைந்தவர்கள் எல்லோரையும்தான் கூப்பிடும்.

ப்ரிவா போன அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. மேல்வீட்டை விற்கலாம் என்று அவள் சொல்ல, மாட்டேன் என்று அவன் சொல்ல, காலையிலேயே பெரிய சண்டை. ஆடுகளோடு அவன் மேலே போனான், புயல் வந்தது, அவள் மணி அடித்தாள். ஆரம்பித்த மணியைக் கடைசி ஆள் வீடு சேரும்வரை நிறுத்தக் கூடாது. அடிக்காத மணியால் ஆள் சாவதில்லை. இருந்த இடத்தில் இருந்துகொள்வான். நடுவில் நின்ற மணிதான் கொல்லும், ஏனென்றால் அதை நம்பி ஒருவன் நடந்துகொண்டிருப்பான். இதெல்லாம் தெரிந்துதான் ஒதீல் கயிற்றை விட்டாள். கொஞ்சம் அலையட்டுமே, அப்போதாவது புத்தி வரட்டும் என்று நினைத்தாள். அடுப்படியில் கையைச் சூடுபடுத்திக்கொண்டு திரும்பி வந்து மறுபடி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

பனி உருகியபோது ஊர்ச்சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தான். மணி நின்ற நேரத்தில் திசை தவறி, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்திருந்தான். கயிற்றை விடவே இல்லை என்று அவள் சொன்னதை ஊர் நம்பியது. தம்பிக்காகக் கை கிழிய மணியடித்தவள் என்று அடக்கத்தில் எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தப் பாராட்டைத்தான் அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

"மேடம்!" செலின் கத்தினாள்.

ஒதீல் போனாள். கயிற்றைப் பிடித்தாள்.

மணி அடித்தது.

இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். தோள் விட்டுப்போயிற்று. செலின் பக்கத்தில் நின்று கணவன் பெயரைச் சொல்லிக் கூவினாள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டது.

அப்போது நாற்றம் வந்தது.

நனைந்த ஆட்டுரோம நாற்றம். ஊரில் ஆடு இல்லை; ப்ரிவாவின் ஆடுகளை ஒதீல் எப்போதோ விற்றுவிட்டாள்.

பனிக்குள் காலடி கேட்டது.

அவள் நிறுத்தவில்லை.

வெள்ளைத் திரையைக் கிழித்துக்கொண்டு ஆர்னோ வந்தான். ஒரு கையை முன்னால் நீட்டி, எதையோ இறுக்கிப் பிடித்திருப்பவன்போல வந்தான். கையில் ஒன்றும் இல்லை. செலின் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் அவளைத் தாண்டித் திரும்பிப் பார்த்தான்.

"அவரு எங்க?"

"யாரு?"

"பட்டியிலேர்ந்து என்னைக் கூட்டிட்டு வந்தவரு. மணி கேட்டதும் எழுந்தேன். இருட்டு மூலையிலேர்ந்து அவரும் எழுந்தாரு." பற்கள் அடித்துக்கொண்டன. "மணியை நம்பாதே, அவ நடுவுல நிறுத்திடுவா, என் கோட்டைப் பிடிச்சுக்கன்னாரு."

செலின் ஒதீலைப் பார்த்தாள். ஒதீல் கயிற்றைப் பார்த்தாள். இழுத்தாள்.

"அப்பறம்?" என்றாள் மெல்ல.

"சுவர்கிட்ட வந்ததும் நின்னுட்டாரு. உள்ள வாங்கன்னேன். 'இது உனக்கு அடிக்கிற மணி. எனக்கு அடிச்சா நான் வர்றேன்'னாரு."

"பைத்தியம் மாதிரி பேசாத, உள்ள வா," என்று செலின் அவனை இழுத்தாள். "நீங்களும் வாங்க மேடம். அதான் வந்துட்டாரே."

"நீங்க போங்கம்மா. இன்னும் ஒருத்தன் வர வேண்டியிருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. ஒதீல் தனியாக நின்றாள். பயமாக இருந்தது. வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஓடிப்போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொண்டால் அவன் இன்னொரு தடவை அந்தச் சுவருக்கு வெளியே சாவான்.

"ப்ரிவா!" என்று கத்தினாள். "நான்தாண்டா நிறுத்தினேன். வேணும்னேதான் நிறுத்தினேன். ஊர்ல எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். இது உனக்குடா. உனக்குத்தான் அடிக்கிறேன், வாடா!"

காற்று சட்டென்று அடங்கியது.

காலடி வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. தன் வீட்டுக்குத் திரும்புகிறவனுடைய நடை.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"அக்கா."

திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவள் கைகளின் மேல் பதிந்தன. அப்படியொரு குளிரை அந்த மலையில்கூட அவள் பார்த்ததில்லை. கயிறு இலேசானது. இருவருமாக இழுத்தார்கள்.

மறுநாள் காலை பளிச்சென்று வெயில் அடித்தது. விடிய விடிய ஓயாத மணிச்சத்தத்தில் தூங்காமல் கிடந்த செலின் வெளியே ஓடி வந்தாள்.

"போதும், விடுங்க மேடம்! அவரு இன்னுமா வரலை?"

"வந்துட்டான்மா," என்றாள் ஒதீல். குரல் உடைந்திருந்தது. "போதும்னுதான் நானும் கெஞ்சுறேன். அவன் விட மாட்டேங்கிறான்."

செலின் அவள் விரல்களைக் கயிற்றிலிருந்து பிரிக்கக் குனிந்தாள். ஒதீலின் புறங்கைகளில் பெரிய விரல்களின் தடம், உறைபனி படிந்ததுபோல வெள்ளையாகப் பதிந்திருந்தது. செலின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடம் இன்னும் கொஞ்சம் இறுகியது.

மணி அடித்தது.