இடக்கைப் பிரி

செவலைப் பசு வைக்கோலைத் தொடவில்லை. முகர்ந்தது, மூக்கால் தள்ளிவிட்டது, பிறகு தலையைத் தூக்கி அடிவயிற்றிலிருந்து கத்தியது. கன்று செத்த அன்று அப்படித்தான் கத்தியது.

“என்னாடி ஒனக்கு? ஊட்டி வேற உடணுமா?” என்றாள் தனம்.

கீரப்பாளையத்துக்குத் தெற்கே, வயலை ஒட்டிய ஒற்றை வீடு. சிதம்பரத்தில் மகள் மோனிகாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று பத்து நாள் அங்கேயே இருந்துவிட்டு மதியம்தான் திரும்பியிருந்தாள். அதற்குள் கொழுந்தன் இளவரசு அறுப்பை முடித்து வைக்கோல் போரும் போட்டுவிட்டான். போன மாசியில் அவள் புருஷன் அன்பரசு காணாமல் போனதிலிருந்து எல்லாம் அவன்தான். ஸ்டேஷனுக்கு அலைந்ததும் அவன்தான். “அண்ணன் மோட்டார் போடப் போச்சு சார், இன்னும் காணோம்.” அதைத்தான் ஏட்டு எழுதிக்கொண்டார். வாய்க்கால், ரயில் பாதை, ஆஸ்பத்திரி, எங்கும் இல்லை. பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு உடம்பு வேண்டியிருந்தது.

கூடையோடு போரின் மேலண்டைப் பக்கம் போனாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே பொன் நிறம். இடுப்புக்குக் கீழே கறுப்பு.

பழைய வைக்கோல்.

நின்றாள். அடிப்போரைச் சுரண்டி எடுத்து, தரையைக் காய விட்டு, சவுக்கு மிலாறு பரப்பிய பிறகுதானே புதுப் போர் ஏற்றுவார்கள்? மக்கியதன்மேல் போட்டால் மொத்தமும் பூஞ்சை பிடிக்கும். இளவரசுக்குத் தெரியாதா?

“மேலண்டப் பக்கம் போவாத அண்ணி, நல்ல பாம்பு கெடக்கு” என்று வருஷம் முழுக்கச் சொன்னவன் அவன். போன பங்குனியில் நாற்றம் வந்தபோது, “நாய் செத்துக் கெடந்துச்சு, பொதச்சிட்டேன்” என்று பினாயிலை ஊற்றியவனும் அவன்.

கையை உள்ளே விட்டாள். ஈரமும் புழுக்கமும் கலந்து முழங்கை வரை ஏறிய அந்தச் சூட்டில், ஊறிப்போன சாக்குபோல ஒரு வாடையும், அதற்கடியில் பினாயிலும், வைக்கோலுக்குள் எதுவோ சரசரவென்று விலகி ஓடும் சத்தமுமாக இருக்க, விரலில் கயிறு மாட்டியது. இழுத்தாள்.

பிரி. வைக்கோலைத் திரித்துக் கட்டுக் கட்டும் கயிறு. ஊரே வலப்பக்கம் முறுக்கும். இது இடப்பக்கம் முறுக்கியிருந்தது. அந்த வீட்டில் இடக்கைக்காரன் ஒருவன்தான். “ஊரு ஒரு பக்கம் முறுக்குனா நீ ஒரு பக்கம் முறுக்கறியேடா!” என்று அன்பரசு கேலி செய்வான்.

பிரிக்குள் இரண்டு மணிக்கட்டு எலும்புகள். ஒன்றில் அன்பரசுவின் செப்புக் காப்பு.

இன்னும் கொஞ்சம் வைக்கோல் சரிந்தது. மண்டை. நெற்றி நடுவே, மண்வெட்டி அகலத்துக்குப் பிளவு.

“வராதன்னு சொன்னேன்ல அண்ணி?”

இளவரசு பின்னால் குந்தியிருந்தான், பக்கத்தில் மண்வெட்டி. தொடையில் வைத்து வைக்கோலைத் திரித்துக்கொண்டிருந்தான். இடது கையால்.

“தம்பி… ஒங்க அண்ணன்டா…”

“களத்துமேட்ட என் பேருக்கு எழுதுன்னுதான் கேட்டேன். சிரிச்சாரு. சிரிக்காம இருந்திருக்கலாம்.”

ஓடினாள். நாலு எட்டு. மண்வெட்டியின் பின்புறம் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகு வந்தது. வாயில் மண். பல். ரத்தம். செவலை கத்தியது. முதுகில் முழங்கால். மணிக்கட்டில் பிரி. ஒரு சுற்று. இரண்டு. முடிச்சு.

காலைப் பிடித்து இழுத்தான். உள்ளே. இருட்டு. சூடு. வாயில் வைக்கோல் அடைத்தது. கன்னத்தில் ஏதோ குளிர்ந்தது.

காப்பு.

வைக்கோல் மேலே விழுந்தது. ஒரு கை. ஒரு கை. இன்னும் ஒரு கை.

வெளியே, அவள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

அவன் எடுப்பது கேட்டது.

“மோனியா? தையல் வலிக்குதாம்மா?… அம்மாவா? மாட்டுக்கு வைக்கோலு புடுங்கப் போச்சும்மா,” என்றான் சித்தப்பா. “இன்னும் காணோம்.”