நிஜ எலும்பு

பட விமர்சகர் வெண்டல் ஹாஸ்கின்ஸ் வழக்கம்போல நடுவிரலில் சொடக்கு எடுத்தார். சத்தம் அவர் கையில் கேட்கவில்லை, எதிரே திரையில் கேட்டது.

பேசும்படம் வந்த புதிது. ஹாலிவுட்டில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் நிச்சயமில்லாத காலம். ஒலிபெருக்கிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு காலை நீட்டினார். வெளியே மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஸ்டுடியோவின் அந்தச் சின்ன முன்னோட்ட அறையிலோ பழைய சுருட்டு நாற்றமும், மக்கிய கம்பள வாடையும், பின்னால் படக்கருவி ஓடும் கரகரப்பும்தான். பார்வையாளர்கள் இரண்டே பேர். அவரும், பின்வரிசையில் கார்ட்டூன் வரைந்த ஆர்வில் டீட்ஸும்.

டீட்ஸின் எலும்புக்கூட்டுக் கார்ட்டூனை அவர் முதலில் பார்த்ததும் இதே அறையில்தான். பார்த்த கையோடு பத்திரிகையில் கிழி கிழியென்று கிழித்தார். 'செத்தவர்களுக்கே இது அவமானம். எலும்பையே பார்க்காத ஆள் வரைந்த எலும்பு. அடுத்த தடவையாவது நிஜ எலும்பு கொண்டுவரவும்.' ஊரே படித்துச் சிரித்தது. தியேட்டர்காரர்கள் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். முன்னோட்டம் போட்டு, ஏச்சு வாங்கி, திருத்தி, மறுபடி காட்டுவது அந்த ஊர் வழக்கம். இன்னொரு தடவை கிழிக்கலாமே என்று ஹாஸ்கின்ஸ் குஷியாகவே வந்திருந்தார்.

"கார்ட்டூன்காரங்க நாங்க கண்ணாடியில எங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் வரைவோம், சார்," என்று வாசலிலேயே டீட்ஸ் சொல்லியிருந்தான். "இந்தத் தடவை அது வேண்டாம்னு விட்டுட்டேன். அன்னிக்கு நீங்க உட்கார்ந்து படம் பார்த்தீங்கல்ல? உங்களைப் பார்த்தே வரைஞ்சுட்டேன்."

"என்னைப் பார்த்தா? அப்ப தொப்பை எங்கய்யா?" ஹாஸ்கின்ஸ் தங்கப்பல் தெரியச் சிரித்தார்.

"தொப்பையில ஏது சார் எலும்பு?"

திரையில் கல்லறை மண் பிளந்து ஒரு கை வெளியே வந்தது. கை மட்டும். அது விரல் விரலாகச் சொடக்கு எடுத்தது. ஒவ்வொரு சொடக்குக்கும் ஹாஸ்கின்ஸின் வலது கையில் ஒரு விரல் குளிர்ந்து மரத்தது. ஒரு வாய் விஸ்கி போட்டால் சரியாகும் என்று மதுவிலக்குக் காலத்துத் திருட்டுச் சாராயக் குப்பியைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. அவருக்குச் சோறு போடும் கை, பேனா பிடிக்கும் கை, வெறும் கையுறை மாதிரி மடியில் சரிந்து கிடந்தது.

இடது கையால் அதை அழுத்திப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

திரையில் இப்போது கால்கள் வந்தன. இடது கால் லேசாக நொண்டியது. டிராம் வண்டியிலிருந்து விழுந்த நாள் முதல் ஹாஸ்கின்ஸ் நொண்டும் அதே நொண்டல். எழப் பார்த்தார். முடியவில்லை. முழங்கால் எங்கே? தெரியவில்லை.

"யோவ் டீட்ஸ்! நிறுத்துய்யா படத்தை!"

"கொஞ்சம் பொறுங்க, சார். தலை இன்னும் வரல."

பயத்தில் நெஞ்சு அடைத்தது. பிறகு நெஞ்சே அமுங்கியது. சட்டைக்குள் விலா எலும்பு ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. திரையில் ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. டிக். டிக். டிக். அவர் நாற்காலியில் வழிந்து இறங்கினார்.

டீட்ஸ் எழுந்து வந்து அவர் காதருகே குனிந்தான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. படம் காட்டுகிறவனின் கவலைதான் இருந்தது.

"இப்ப எப்படி சார் இருக்கு? நிஜம் மாதிரி இருக்கா?"

ஹாஸ்கின்ஸ் அலறினார். வாய் திறக்கவில்லை.

திரையில் தலையில்லாத எலும்புக்கூடு குனிந்து மண்ணிலிருந்து மண்டையோட்டை எடுத்து மாட்டிக்கொண்டது. தங்கப்பல் மின்னியது. தாடை அகலமாகத் திறந்தது. அவர் குரலில், அவர் அலறல் அங்கிருந்து வந்தது.

நாற்காலியில் குவிந்து கிடந்த கோட்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் இமைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.