பேச்சியம்மாவின் பிளம்ஸ் ஜின்

1936 செப்டம்பர் 12, சனிக்கிழமை. பிற்பகல் 2.10.

இலங்கை மலைநாட்டில், டயகமவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டப் பங்களாவில் மெரிடித் துரை ஒரு வாய் ஜின் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது என் ஜின் இல்லை!"

மூன்று மாதமாகப் பீங்கான் ஜாடியில் ஊறிய பிளம்ஸ் ஜின் அது. ஐந்து மணிக்குக் கிளப்பில் பழ ஜின் போட்டி. போன இரண்டு வருடமும் துரையின் ஜாடிக்குத்தான் முதல் பரிசு. ஊறப்போட்டவள் பங்களாவில் சமைக்கும் குசினிக்காரி பேச்சியம்மா. ஜாடி இருந்த அலமாரியின் சாவியும் அவள் இடுப்பில்தான்.

"குடித்துவிட்டுத் தண்ணீர் கலந்து வைத்தாயா? பொழுது சாயும் முன் தோட்டத்தை விட்டுப் போய்விடு!"

பேச்சியம்மா அழவில்லை. "நான் கலக்கலீங்க தொரை. டீமேக்கர் ஐயாவக் கூப்பிட்டுக் கேளுங்க. அவரு நாக்கு பொய் சொல்லாது."

தோட்டத்து ஃபாக்டரியில் தேயிலை பதப்படுத்தும் டீமேக்கர் மயில்வாகனம் தினமும் நாற்பது கோப்பைத் தேயிலைச் சாயம் ருசி பார்ப்பவர். எந்த மலைக் கொழுந்து, எவ்வளவு நேரம் வாடியது என்பதை ஒரே மிடறில் சொல்லிவிடுவார்.

2.40. அவர் அரைக் கரண்டி ஜின்னை நாக்கில் உருட்டினார்.

"தண்ணி கலக்கலீங்க. நம்ம தோட்டத்துப் பிளம்ஸ்தான், மூணு மாசம் ஊறினதுதான். ஆனா பழத்தோட ருசி பழத்துக்குள்ளயே நின்னுருச்சு."

ஜாடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து ஜன்னலருகே பார்த்தார். தோல் வழவழவென்று முழுசாக இருந்தது.

"எப்படிப் போடுவ, பேச்சியம்மா?"

"கழுவித் தொடச்சு, காம்பைக் கிள்ளி, ஊசியால குத்தி, சீனியும் பட்டையும் போட்டு, ஜின் ஊத்தி மூடுவேங்க."

"அலமாரிய எப்பத் தொறந்த?"

"வியாழக்கிழமை மத்தியானம். விருந்துன்னு நல்ல பிளேட்டு எடுத்தேன். பால் பொங்குதுன்னு குசினிக்கு ஓடி, திரும்பி வந்துதான் பூட்டினேன்."

"விருந்துக்கு யாரு வந்தா?"

மேசை பரிமாறும் கந்தப்பன் பதில் சொன்னான். "சின்னதொரை மட்டுந்தாங்க. டீ சாம்பிள் பெட்டி ஒண்ணு கொண்டாந்தாரு. தொறக்காமலே திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு."

மயில்வாகனம் துரையைப் பார்த்தார். "சின்னதொரையும் போட்டிக்கு ஜாடி வக்கிறாருங்களா?"

"ஆமாம், முதல் தடவை. ஜூனில் என் மரத்துப் பழம் ஒரு கூடை நான்தான் கொடுத்தேன். ஏன்?"

"ஜாடியோட இங்க வரச் சொல்லுங்க."

3.30. துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை கார்ட்டர் சிரித்தபடி வந்தார். அவர் ஜாடியும் அதேபோல்தான் இருந்தது. ஹட்டன் கடையில் எல்லாருக்கும் கிடைக்கும் ஜாடி. மயில்வாகனம் அதிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, முதல் பழத்தின் பக்கத்தில் வைத்தார். இது சுருங்கி வெளுத்திருந்தது. தோல் முழுக்கப் பொடிப்பொடித் துளைகள்.

"ஊசி குத்தினாத்தான் சாறு எறங்கும். பேச்சியம்மா குத்தாமப் போட மாட்டா. ஆனா தொரை ஜாடியில குத்தாத பழம் இருக்கு. குத்தின பழம் உங்ககிட்ட இருக்கு."

"நானும்தான் குத்தினேன்!" என்றார் கார்ட்டர்.

"அப்ப இந்தக் குத்தாத பழம் எங்கிருந்துங்க வந்துச்சு? இன்னொண்ணு. வியாழக்கிழமை ஃபாக்டரியில நான் சாம்பிளே எடுக்கல. அந்தப் பெட்டியில உங்க ஜாடி வந்துச்சு, பேச்சியம்மா ஜாடி போச்சு."

கார்ட்டரின் காது சிவந்தது. "ஒரு வேடிக்கைக்குத்தான்..." என்று முனகிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

துரை எழுந்து நின்றார். "பேச்சியம்மா, தப்பு என்னுடையது."

மீட்ட ஜாடியிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி மயில்வாகனத்திடம் நீட்டினார். முதலில் இனிப்பு வந்தது. பின்னாலேயே மெல்லிய புளிப்பு. கடைசியில் பட்டையின் சூடு தொண்டையில் நின்றது. டீமேக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மரத்துல இருக்கும்போதுகூட பிளம்ஸ் இவ்வளவு பிளம்ஸா இருக்காதுங்க."

போட்டி அட்டையில் தன் பெயரை அடித்துவிட்டுத் துரை பேச்சியம்மாவின் பெயரை எழுதினார். பிறகு அவளுக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். அவள் முந்தானையால் வாயை மறைத்துக் குடித்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"பரவாயில்லீங்க. இன்னும் ஒரு மாசம் ஊறணும். அவசரப்பட்டுத் தொறந்துட்டீங்க தொரை."