பதினொரு மணிக்கு ஓயும் அலை

அம்மாவின் இயந்திரம் கடலுக்குள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி மிதந்தது. அலையோடு அது ஏறி இறங்கும், அந்த ஆட்டத்திலிருந்து மின்சாரம் எடுக்கும். பக்கத்திலேயே ஒரு மஞ்சள் மிதவை அலையின் உயரத்தை அளந்து கரைக்கு அனுப்பும்.

பத்து நாள் தொடர்ந்து அளவு பிசகாமல் வந்தால்தான் சோதனை தேறும். பதினொரு நாள்தான் பாக்கி. பிறகு அந்த இடம் வேறு குழுவுக்கு. அதற்குள் தேறாவிட்டால் அம்மாவின் மூன்று வருட உழைப்பு வீணாகிவிடும்.

ஆனால் மஞ்சள் மிதவை மக்கர் செய்தது. காலை பதினொரு மணியானால் போதும், திரையில் துள்ளும் கோடு அரை மணி நேரம் தூங்கிவிடும்.

"அலையே இல்லன்னு மிதவை சொல்லுது. இயந்திரம் மின்சாரம் குடுத்துட்டே இருக்கு. யாரு நம்புவாங்க?" என்றார் கணினியைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி மாமா.

அம்மா மிதவையின் பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். வயரையும் மாற்றினாள். அவளுடைய சாப்பாட்டு டப்பா மட்டும் தினமும் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

பள்ளி விடுமுறை என்பதால் மகள் வாலுவும் கரையோர ஆய்வு அறையில்தான் இருந்தாள். அவளுக்கு வேறு பெயர் உண்டு, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மிதவையின் பழைய அளவுத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"மாமா, ஞாயித்துக்கிழமை மட்டும் கோடு தூங்கலையே?"

"அட, ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"மிதவைக்கு எப்படி ஞாயித்துக்கிழமை தெரியும்?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு வாலு தொலைநோக்கியோடு ஜன்னலில் நின்றாள். ஒரு சின்னப் படகு வந்தது. அதிலிருந்த மீனவர் மஞ்சள் மிதவையில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, நிதானமாக டப்பாவைத் திறந்தார்.

"அம்மா, ஒருத்தர் சாப்பிடுறாரும்மா. நம்ம மிதவையில படகைக் கட்டியிருக்காரு."

அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "துறைமுக ஆபீஸ்ல சொல்லி அவர் லைசென்ஸையே பிடுங்கச் சொல்றேன்."

"முதல்ல அவரைக் கேட்டுப் பார்ப்போமே" என்றாள் வாலு.

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இருவரும் வேலைப் படகில் போனார்கள். மீனவர் வாயில் சோற்றோடு விழித்தார்.

"இது அளக்கிற கருவியாம்மா? படகு கட்டத்தான் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை கடலுக்கு வரமாட்டேன், மத்த நாளெல்லாம் இங்கதான் சாப்பாடு. இங்க ஆழம் அதிகம், என் நங்கூரக் கயிறு எட்டாது. கட்டாம சாப்பிட்டா, ஒரு வாய் முடியறதுக்குள்ள படகு எங்கயோ போய் நிக்குது."

"நீங்க இறுக்கிக் கட்டினா அது எப்படி அண்ணே துள்ளும்?" என்றாள் அம்மா. குரலில் பாதிக் கோபம் குறைந்திருந்தது.

மீனவர் உடனே கயிற்றை அவிழ்த்தார். "தப்புதாம்மா. நான் கரைக்கே போய் சாப்பிட்டுக்கறேன்."

வாலுவுக்கு அது பிடிக்கவில்லை. கரைக்குப் போய்த் திரும்பினால் அவருடைய மீன்பிடிக்கும் நேரம் போய்விடும்.

"அம்மா, நம்ம கொட்டகையில ஒடுங்கின சிவப்பு மிதவை ஒண்ணு சும்மாதானே கிடக்கு? அதை இவருக்குத் தள்ளிப் போட்டுக் கொடுக்கலாமே."

அம்மா கொட்டகை இருந்த கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எனக்கு ஏன் இது தோணல?" என்றாள்.

அன்று மாலையே துறைமுக ஆபீஸில் அனுமதி வாங்கி, சிவப்பு மிதவையைச் சங்கிலியும் எடைக்கல்லும் கட்டி அரை கிலோமீட்டர் தள்ளி இறக்கினார்கள். 'இங்கே கட்டலாம்' என்று அதில் பெரிதாக எழுதியது வாலுதான். 'ட்' மேல் புள்ளி வைக்கும்போது மாமாவின் சட்டையிலும் ஒரு புள்ளி விழுந்தது.

பத்தாவது நாள் மணி பதினொன்று. எல்லோரும் திரையையே பார்த்தார்கள். கோடு துள்ளியது. பதினொன்றரைக்கும் துள்ளியது.

வாலு தொலைநோக்கியில் பார்த்தாள். சிவப்பு மிதவையில் இப்போது இரண்டு படகுகள். மீனவர் ஒரு நண்பரைக் கூட்டி வந்திருந்தார்.

"அவர் சாப்பிட ஆரம்பிச்சிட்டாரும்மா" என்றாள்.

"அப்படியா?" என்ற அம்மா, நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு தன் டப்பாவைத் திறந்தாள்.