சாயங்காலம் வரை நிற்கும் சிவப்பு

பிள்ளைப்பாக்கத்தில் லூர்தம்மாள் வீட்டு வாசலில் காவேரி மேக்கப் பெட்டியோடு போய் இறங்கியபோது காலை வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. "கல்யாணச் சேலை கட்டியாச்சு, மூஞ்சிக்கு மட்டும் போட்டு வுட்டுட்டுப் போகச் சொல்லு" என்று ஆள் அனுப்பியிருந்தாள் லூர்தம்மாள். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் காவேரி நடத்திவந்த பியூட்டி பார்லர் அந்த அம்மாளின் கட்டிடத்தில்தான் இருந்தது. கூப்பிட்ட குரலுக்குப் போகாமல் இருக்க முடியுமா? யாருக்கு என்ன விசேஷம் என்றுகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டாள்.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாட்டு இல்லை, பிள்ளைகளின் கூச்சல் இல்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஜூன் மாதம் அது. மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊரே குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தது, சாலையில் போலீஸ் ஜீப் ஓயாமல் சுற்றியது. அதனால்தான் சத்தமில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒடிகொலோன் சென்ட் வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொரு வாடை.

உள் அறையில் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கட்டிலில் ஷாரோன் படுத்திருந்தாள். லூர்தம்மாளின் மருமகள். ஜனவரியில்தான் அவளுக்குக் காவேரி மணப்பெண் அலங்காரம் செய்திருந்தாள். அதே வெள்ளைப் பட்டு, அதே சரிகை.

தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது.

"இன்னா ஆச்சும்மா?" என்றாள் காவேரி.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா. பின்மண்டையில அடி," என்றாள் லூர்தம்மாள். "அவ அண்ணன் ஜீவானந்தம் பெங்களூர்ல இருந்து வந்துகினு கீறான். சாயங்காலம்தான் பெட்டியை மூடுவோம். அதுவரைக்கும் மூஞ்சி அப்படியே நிக்கணும். கன்னத்துல ரோஸ் நல்லா போடு."

காவேரி குனிந்து பார்த்தாள். இடது கன்னத்தில் கருநீலமாக ஐந்து தடங்கள். பாத்ரூம் தரைக்கு ஐந்து விரல் உண்டா?

அறை வாசலில் ஷாரோனின் புருஷன் சாம்சன் நின்றான். வலது கையை லுங்கி மடிப்புக்குள் திணித்து வைத்திருந்தான்.

"அம்மா, இது..."

"கடை வோணுமா வேணாமா உனக்கு?" என்றாள் லூர்தம்மாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

பாவி! பற்றிக்கொண்டு வந்தது காவேரிக்கு. அந்த அம்மாள் மேல் கோபம், வாசலில் நின்ற தடியன் மேல் கோபம், எல்லாவற்றையும்விட, பெட்டியைத் திறந்துகொண்டிருந்த தன் கை மேல் கோபம். பார்லரை விட்டால் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் வேறு பிழைப்பு கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அலமாரியில் ஷாரோன் கன்னத்துக்குப் பூசும் ரூஜ் டப்பா இருந்தது. தங்கைக்காக அண்ணன் பர்மா பஜாரில் வாங்கித் தந்த சீமைச் சாமான். கல்யாணத்தன்று அந்தப் பெண் அதைக் கொடுத்து, "அக்கா, சாயங்காலம் வரைக்கும் நிக்குமா?" என்று கேட்டிருந்தாள். "நான் போட்டா நாளெல்லாம் நிக்கும்டி," என்று காவேரி அன்று பீற்றிக்கொண்டாள்.

நிற்க வைக்கும் வித்தை அவளுக்கு அத்துப்படி. முதலில் கிரீம் ரூஜ், விரல் நுனியால் தட்டித் தட்டி. தேய்க்கவே கூடாது. அதன்மேல் பவுடரை ஒற்றி எடுத்து, டப்பாவில் இருக்கும் தூள் ரூஜைப் போட்டு, கடைசியில் ஈரத்துணியால் ஓர் ஒற்று. அதற்குப் பிறகு வேர்வை வந்தாலும் கண்ணீர் வந்தாலும் அசையாது.

தாடைக் கட்டை அவிழ்த்தாள். ஐந்து தடங்களும் மறையும் வரை பேன்கேக் பூச்சை அப்பினாள். தோல் பானைத் தண்ணீர்போல் சில்லென்றிருந்தது. கிரீமை விரலில் எடுத்தாள்.

அங்கேதான் பழக்கதோஷம் காலை வாரியது. எந்த மணப்பெண்ணுக்கும் ரூஜ் போடுமுன் காவேரி ஒரு வார்த்தை சொல்வாள். சிரித்தால்தானே கன்னம் மேலே எழும்பும், எங்கே தொட வேண்டும் என்று தெரியும்? ஆயிரம் முறை சொன்ன வாய், தன்னையறியாமல் அன்றைக்கும் சொல்லிவிட்டது.

"சிரிம்மா."

கன்னம் எழும்பியது.

இரண்டு கன்னமும். மெல்ல, கீழிருந்து மேலாக.

காவேரியின் விரல் அந்தரத்தில் நின்றது. மூடிய இமை மூடியபடியே இருந்தது. உதடு பிரியவில்லை. ஆனால் காதோரம், ஒடிகொலோன் வாசனையோடு சேர்ந்து, ஒரு குரல்.

"நிக்குமா அக்கா?"

அவள் எப்படிப் போட்டு முடித்தாள், எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிணற்றடியில் போய்க் குந்திக்கொண்டாள். ஓடிப்போகத் தோன்றியது, கடை நினைப்பு பிடித்து வைத்தது.

சாயங்காலம் ஜீவானந்தம் வந்து சேர்ந்தான். பந்தலில் பெட்டியைச் சுற்றிச் சனம் கூடியிருந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்து, "தூங்குற மாதிரியே கீறாளே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ரூஜ் இம்மி கலையவில்லை.

ஜெபம் முடிந்தது. மூடுவதற்கு முன் கடைசி முத்தம். சாம்சனை முன்னால் தள்ளினாள் லூர்தம்மாள். ஊர் பார்க்கிறதே! அவனும் குனிந்து, செத்தவள் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து ஓவென்று கத்தினான்.

கத்தல் பாதியில் அறுந்தது.

அவனால் நிமிர முடியவில்லை. யாரோ பிடரியைப் பிடித்து அழுத்துவதுபோல் கழுத்து நரம்பு புடைத்தது.

பிறகு விட்டது.

அவன் நிமிர்ந்தபோது கூட்டம் மூச்சடைத்துப் போனது. ஷாரோனின் இடது கன்னத்தில் பேன்கேக் இல்லை, ரூஜ் இல்லை. கருநீலத் தடங்கள் மட்டும். சாம்சனின் கன்னத்தில் ஐந்து விரல், ரோஸ் நிறத்தில்.

"அந்த மேக்கப்காரி சரியா போடல!" என்று அலறினாள் லூர்தம்மாள். "வேர்வையில கலைஞ்சிடுச்சு, மூடுங்கடா பெட்டியை!"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது வெடித்தது.

"நான் போட்டா கலையாது!" என்றபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் காவேரி. "ஜீவா அண்ணே, அது வெரலு. நல்லாப் பாருங்க. மறைக்கச் சொன்னது இந்தம்மா, மறைச்சது நான். கடை போனா மயிரே போச்சு!"

ஜீவானந்தம் நேரே சாலைக்கு ஓடி, வந்துகொண்டிருந்த போலீஸ் ஜீப்பின் குறுக்கே நின்றான்.

பிரேதப் பரிசோதனை முடிந்து மணிமங்கலத்தில் ஷாரோனை அடக்கம் செய்தார்கள். சாம்சன் அப்போது லாக்கப்பில் இருந்தான். பெட்டி மூடுவதற்கு முன், அன்று தன் மேக்கப் பெட்டியோடு வந்துவிட்ட அந்த ரூஜ் டப்பாவை அவள் கைக்குள் வைத்தாள் காவேரி. "உன் சாமான் உங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள்.

கடை போயிற்று. சுங்குவார்சத்திரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் மறுபடி ஆரம்பித்தாள். தீபாவளி கழிந்து ஒரு மதியம், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவன் உள்ளே நுழைந்தான். துண்டை எடுத்தான்.

ஜாமீனில் வந்திருந்த சாம்சன். பாதியாக இளைத்திருந்தான். கன்னத்தில் ஐந்து விரல், பளபளவென்று.

"மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சிட்டேன். தோலே உரிஞ்சிடுச்சு," என்று கிசுகிசுத்தான். "ராத்திரி படுக்கும்போது மங்கிடுது. காலையில எழுந்தா யாரோ புதுசாப் பூசினாப்ல கீது. கம்பெனில பசங்க சிரிக்கிறானுங்க. கோர்ட்ல ஜட்ஜே என் மூஞ்சியப் பாக்குறாரு. மறைச்சு வுடு. உனக்குத்தான் தெரியுமே." மேலும் தாழ்ந்த குரலில் கேட்டான். "அவ ரூஜ் டப்பா வூட்ல காணோம். எங்க கீது?"

காவேரி அவனை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணாடியைப் பார்க்கச் செய்தாள். தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கொட்டகைக்குள் ஒடிகொலோன் வாசனை.

கண்ணாடியில் சாம்சனின் கன்னம் ஓரிடத்தில் குழிந்தது. விரல் நுனி அளவுக்கு. எழும்பியது, மறுபடி குழிந்தது. தேய்க்காமல், தட்டித் தட்டி. தட்டிய இடமெல்லாம் சிவப்பு ஏறியது. அவனுக்கு வாய் கோணியது, சத்தம் வரவில்லை.

காவேரிக்கு இந்தமுறை ஓடத் தோன்றவில்லை.

"சிரிங்க," என்றாள் அவனிடம். "சிரிச்சாத்தான் ஒழுங்காப் போட முடியும்."

அவள் காதோரம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நிக்குமா அக்கா?"

"நிக்கும்டி," என்றாள் காவேரி. "நாளெல்லாம் நிக்கும்."